பொம்மைக்குப் பதில் ஒரு பாட்டி: தாதியர் பயிற்சியில் மாதிரி நோயாளிகள்

எஸ்.பி.எம். முடித்த பிள்ளையைத் தாதியர் படிப்பில் சேர்க்க நினைக்கும் பெற்றோர் கல்லூரியைச் சுற்றிப் பார்க்கப் போனால், கட்டிலில் கிடக்கும் பொம்மையைத்தான் முதலில் காட்டுவார்கள். அது மூச்சு விடும், நாடி துடிக்கும். சில பொம்மைகள் கண்கூடச் சிமிட்டும். விலை அதிகம் என்பதால் விளம்பரத் தாளிலும் அதற்குத்தான் முதலிடம். அங்கே பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. உயிருள்ள ஒருவர் நோயாளியாக நடிக்க, அவரிடம் மாணவர்கள் பேசிப் பழகும் பயிற்சி இங்கே இருக்கிறதா? மூன்று ஆண்டில் எத்தனை முறை?

பொம்மையைக் குறை சொல்லவில்லை. 1911இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்ட் மருத்துவமனை, பொம்மை செய்யும் மார்த்தா சேஸ் என்பவரிடம் சொல்லி ஆளுயரப் பொம்மை ஒன்றைத் தாதியர் பள்ளிக்காக வாங்கியது. 'மிஸஸ் சேஸ்' என்று பெயர் பெற்ற அந்தப் பொம்மையை வைத்துத்தான் மாணவிகள் நோயாளியைப் புரட்டவும் உடை மாற்றவும் கற்றார்கள். 1960இல் நார்வேயிலிருந்து வந்த 'ரெசஸி ஆன்' பொம்மை, உலகம் முழுவதும் மக்களுக்கு மூச்சுக் கொடுக்கக் கற்றுக் கொடுத்தது. ஊசி போடுவது, குழாய் செருகுவது, நெஞ்சை அழுத்துவது ஆகியவற்றுக்கு இன்றும் பொம்மைதான் சரி. தவறினால் யாருக்கும் வலிக்காது.

ஆனால் பொம்மை எதையும் மறைக்காது, நோயாளி மறைப்பார். 1963இல் லாஸ் ஏஞ்சலஸில் ஹோவர்ட் பேரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர், நல்ல உடல்நலமுள்ள ஒரு பெண்ணுக்கு நோயின் அறிகுறிகளைச் சொல்லிக் கொடுத்து, மருத்துவ மாணவர்கள் முன் நோயாளியாக நடிக்க வைத்தார். அன்று அதைக் கேலி செய்தவர்கள் பலர். இன்று மருத்துவம், தாதிமை, மருந்தியல் என எல்லாத் துறைகளிலும் அந்த முறை இருக்கிறது. நம் நாட்டில் புக்கிட் ஜாலிலில் உள்ள ஐ.எம்.யு. பல்கலைக்கழகம், பொதுமக்களையே மாதிரி நோயாளிகளாகச் சேர்த்துப் பயிற்சி கொடுத்து வருகிறது.

பயிற்சி எப்படி நடக்கும்? பினாங்குக்குப் பொருந்தும் ஒரு காட்சியை வைத்துப் பார்ப்போம். நோயாளி 62 வயது மாது, பத்து ஆண்டுகளாக இனிப்புநீர். கதவுக்கு வெளியே மாணவிக்குக் கிடைக்கும் சீட்டில் இவ்வளவுதான் இருக்கும். உள்ளே போனதும், "லெட்சுமிதானே நீங்க?" என்று கேட்டாலே ஒரு பிழை. காது மந்தமான பாட்டி எதற்கும் தலையாட்டுவார். "உங்க பேர் என்னம்மா?" என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்து, அடையாள அட்டை எண்ணைக் கைப்பட்டையோடு ஒப்பிட வேண்டும். ஒரே பெயரில் இரண்டு பேர் அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருப்பது வார்டில் அபூர்வமல்ல.

பிறகு, "என்ன செய்யுதும்மா?" என்றால், "ஒன்னுமில்ல மிஸ்ஸி, காத்து பிடிச்ச மாதிரி இருக்கு. என் மகன்தான் கட்டாயப்படுத்திக் கூட்டிட்டு வந்துட்டான்" என்பார். அதற்கு மேல் வாய் திறக்கக் கூடாது என்பது அவருக்குச் சொல்லப்பட்ட விதி. வியர்த்ததா, மூச்சு வாங்கியதா, தோளிலோ தாடையிலோ இழுத்ததா என்று கேட்டால் மட்டும் ஒவ்வொன்றாக வெளியே வரும். இனிப்புநீர் உள்ளவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, நெஞ்சுவலி இல்லாமலே மாரடைப்பு வரலாம் என்று பாடப்புத்தகத்தில் எழுதியிருக்கிறது. மாணவியும் அதைப் படித்துத்தான் வந்திருப்பார். 'காத்து' என்ற சொல்லுக்குப் பின்னால் அது ஒளிந்திருக்கலாம் என்பது, இப்படி ஒருவர் எதிரே உட்கார்ந்து மழுப்பும்போதுதான் உறைக்கும்.

இதோடு முடியாது. மாணவி தொலைபேசியில் மருத்துவருக்குச் சொல்ல வேண்டும்: இப்போது என்ன நிலை, பின்னணி என்ன, தான் கணிப்பது என்ன, என்ன செய்ய வேண்டும். மறுமுனையில் மருத்துவராகப் பேசும் ஆசிரியர் வேண்டுமென்றே அவசரப்படுவார். "காத்துன்னு சொல்றாங்க டாக்டர்" என்று மாணவி மென்று விழுங்கினால், "சரி, அப்புறம் பார்க்கிறேன்" என்று வைத்துவிடுவார். உண்மையான வார்டில் அந்த 'அப்புறம்' எவ்வளவு நேரம் என்பதை நாம் அறிவோம்.

காட்சி பத்து, பதினைந்து நிமிடம்தான். அதன் பிறகு உட்கார்ந்து பேசுவது அதைவிட நீளம். உண்மையான பாடம் அதில்தான் இருக்கிறது. ஆசிரியர் உடனே மதிப்பெண் சொல்லாமல், "அந்த நேரம் என்ன நினைத்தாய்?" என்று கேட்பார். நடித்தவரும் நோயாளியாகத் தான் உணர்ந்ததைச் சொல்வார். "நீ எழுதிக்கிட்டே இருந்தே, என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அதான் சொல்லத் தோணலை." எந்தப் பொம்மையும் இப்படிச் சொல்லாது. (பொம்மையும் ஆளும் சேர்ந்தே வேலை செய்வதும் உண்டு. நடிப்பவரின் கையருகே செயற்கைக் கையை வைத்துப் போர்வையால் மூடிவிட்டு, அதில் ஊசி போடச் சொல்வார்கள். ஊசி செயற்கைக் கையில் இறங்கும். "ஆ" என்று முனகுவது மனிதர்.)

இதற்கு எல்லையும் உண்டு. அமெரிக்காவில் 10 தாதியர் கல்லூரிகளில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், மருத்துவமனைப் பயிற்சி நேரத்தில் பாதி வரை இத்தகைய பாவனைப் பயிற்சிக்கு ஒதுக்கியும் மாணவர்களின் அறிவும் திறனும் குறையவில்லை என்று தெரிந்தது. அங்கே ஆசிரியர்கள் இதற்கென்றே பயிற்சி பெற்றிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வார்டின் இரவு வேலையையும் வாடையையும் ஓயாத அழைப்பு மணியையும் எந்த அறையிலும் உருவாக்க முடியாது.

பினாங்கில் இதற்குக் கூடுதல் காரணம் ஒன்றிருக்கிறது. ஜாலான் ரெசிடென்சியில் உள்ள பொது மருத்துவமனையின் ஒரே வார்டில் தமிழ், மலாய், ஹொக்கியன், ஆங்கிலம் எல்லாம் காதில் விழும். நம் பிள்ளைகள் ஹொக்கியன் மட்டும் பேசும் ஆச்சியிடம் வலியின் அளவைக் கேட்டறிய வேண்டும். சீன, மலாய் மாணவர்கள் நம் பாட்டியின் "ஒன்னுமில்ல"வைப் புரிந்துகொள்ள வேண்டும். பேரன் வந்து மொழிபெயர்ப்பான் என்று விட்டால், பேரனிடம் பாட்டி சொல்லக் கூசும் சிறுநீர்த் தொல்லை வெளியே வரவே வராது. மாதிரி நோயாளிகள் எல்லாரும் ஆங்கிலம் பேசும் நடுத்தர வயதினராக இருந்தால் இந்தப் பயிற்சி பாதிக்கிணறுதான். அந்த நாற்காலியில் நம் பெரியவர்களும் உட்கார வேண்டும்.

அதற்கு மேடை நடிப்பு தெரிந்திருக்கத் தேவையில்லை. நடிப்புத் திறமையைக் கொட்டுபவர்கள்தான் இதற்குச் சரிவராதவர்கள். முதல் மாணவிக்கு லேசாக முனகிவிட்டு ஐந்தாவது மாணவிக்குக் கதறினால் தேர்வு நியாயமாக இருக்காது. கொடுத்த கதையை நினைவில் வைத்து, பத்து பேர் வந்தாலும் ஒரே மாதிரி பதில் சொல்லத் தெரிய வேண்டும். மாணவர் தடுமாறுவதை வெளியே போய்க் கதைக்கக் கூடாது. தன் வீட்டில் அண்மையில் நடந்த இழப்பைப் போன்ற கதை கொடுக்கப்பட்டால், வேண்டாம் என்று சொல்லலாம். எந்த நிமிடத்திலும் நிறுத்தச் சொல்லவும் உரிமை உண்டு. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தவர்கள், பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வீட்டில் இருக்கும் பாட்டிமார்கள் யாரும் இதைச் செய்யலாம். பக்கத்தில் உள்ள தாதியர் கல்லூரியிலோ மருத்துவக் கல்லூரியிலோ மாதிரி நோயாளிகளைச் சேர்க்கிறார்களா என்று நேரில் விசாரிக்கலாம். தமிழ் மட்டும்தான் வரும் என்றால், அதையும் சொல்லுங்கள்.