பேட்டரியை மாட்டும் முன் ஒரு பல்பு

ஜொகூரில் ‘ஜே’ எழுத்தில் தொடங்கும் எண் பலகையோடு ஒரு பழைய மோரிஸ் மைனர் கைக்கு வந்தால், எல்லாரும் முதலில் தேடுவது துருவைத்தான். என்னைக் கேட்டால், முதலில் டேஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டு ஓர் ஒயரை மெல்ல வளைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் கால ஒயருக்கு ரப்பர் உறை, அதன்மேல் பருத்தி நூல் பின்னல். ஆண்டு முழுக்க ஈரக்காற்று வீசும் ஊரில் ரப்பர் வெடித்து, பிஸ்கட் போல உதிரும். உள்ளே செம்பு பச்சைப் பொடியாகியிருக்கும்.

அந்த நிலையில் பேட்டரியை நேராக மாட்டுவது ஆபத்து. இந்தக் காரில் இருப்பதே இரண்டு பியூஸ்தான். ஹெட்லைட்டுக்கு அதுவும் கிடையாது. எங்காவது ஷார்ட் இருந்தால் ஒயர் கட்டு முழுவதும் புகைந்துவிடும். ஆகவே எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு, பேட்டரி முனைக்கும் கேபிளுக்கும் நடுவே 21 வாட் பல்பு ஒன்றை வையுங்கள். ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும். ஓடும் மின்சாரம் 2 ஆம்பியருக்குள் அடங்கிவிடுவதால் ஒயர் தப்பிக்கும். இன்னொன்று: இதில் பேட்டரியின் நேர்முனைதான் கார் உடலோடு சேர்கிறது. இன்றைய கார் என்று நினைத்து மாற்றி மாட்டிவிடாதீர்கள்.

இந்த ஒயர்களுக்கான லூக்காஸ் நிறுவனத்தின் வண்ணமுறை தெரிந்தால் வேலை பாதி. பழுப்பு பேட்டரியிலிருந்து நேராக வருவது, வெள்ளை சாவி திருப்பினால் உயிர் பெறுவது, பச்சை பியூஸைத் தாண்டி வருவது, கறுப்பு எர்த். வெளியே சாயம் போயிருந்தாலும், கட்டின் சுற்றைப் பிரித்தால் உள்ளே நிறம் அப்படியே இருக்கும்.

பலர் ஏமாறும் இடம் மல்டிமீட்டரின் ‘பீப்’ ஒலி. 14 இழை கொண்ட ஒயரில் 13 அறுந்திருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும். அது அனுப்பும் மின்சாரம் அவ்வளவு சொற்பம். ஹெட்லைட்டோ 4 ஆம்பியர் கேட்கும். வழியில் வெறும் அரை ஓம் தடை இருந்தால் போதும், 12 வோல்ட்டில் ஒன்றரைக்கு மேல் அங்கேயே தொலைந்துவிடும். வெளிச்சம் ஏறத்தாழ 40 விழுக்காடு குறையும்.

அதனால் விளக்கை எரியவிட்டே அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையை விளக்கின் எர்த்திலும் மற்றதைப் பேட்டரியின் எர்த் முனையிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். அடியில் பெரும்பாலும் துருகூட இருக்காது. ஆசை ஆசையாக அடித்த புதுப் பெயின்ட்தான் இருக்கும். போல்ட் உட்காரும் இடத்தை மட்டும் வெள்ளித்தகடு போல மின்னும்வரை சுரண்டிவிடுங்கள்.