கடனோடு ஒட்டி வரும் இன்சூரன்ஸ்: பிடித்த பணத்தைத் திரும்பப் பெறுவது எப்படி?

தீபாவளிச் சரக்குக்குப் பணம் திரட்ட ஆடி மாதத்திலேயே வங்கிக்கு நடக்கத் தொடங்குவது விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டார வியாபாரிகளுக்குப் பழகிப்போன விஷயம். கடை இருக்கும் இடத்தையோ குடியிருக்கும் வீட்டையோ அடமானம் வைக்கிறோம். காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடுகிறோம். அந்தக் காகிதக் கட்டில் ஒன்று இன்சூரன்ஸ் விண்ணப்பம் என்பதை நம்மில் பலர் கவனிப்பதே இல்லை. அண்மைக் காலமாக நமது அலுவலகத்துக்கு வரும் உறுப்பினர்கள் இதைப் பற்றியே கேட்பதால் சற்று விவரமாக எழுதுகிறோம்.

மளிகைக் கடை நடத்தும் நமது உறுப்பினர் ஒருவருக்கு 8 லட்ச ரூபாய் அடமானக் கடன் அனுமதி ஆயிற்று. கணக்கில் வரவானதோ 7,52,000 ரூபாய். மீதி 48,000 எங்கே என்று கேட்டதற்கு, "அது லோனுக்குப் பாதுகாப்பு அண்ணாச்சி, வியாபாரம் படுத்தாலும் தவணையை இன்சூரன்ஸ்காரன் கட்டிடுவான்" என்று சொல்லியிருக்கிறார்கள். நல்லதுதானே என்று இவரும் வந்துவிட்டார். எட்டு மாதம் கழித்து, கல்லூரியில் படிக்கும் மகள் பாலிசியை எடுத்துப் படித்தபோதுதான் சங்கதி வெளிப்பட்டது. கடன்தாரர் இறந்தால் மட்டுமே அந்த பாலிசி பணம் தரும். அதோடு சேர்த்திருந்த "வேலை இழப்பு" பாதுகாப்பு மாதச் சம்பளக்காரர்களுக்கு மட்டுமே உரியது. சொந்தக் கடைக்காரருக்கு வேலை இழப்பு ஏது?

48,000 ரூபாயோடு போயிற்றா என்றால் அதுவும் இல்லை. அந்தத் தொகையும் கடனுக்குள்ளேயே இருப்பதால் அதற்கும் வட்டி ஓடுகிறது. 12 சதவீத வட்டியில் 10 வருடத் தவணை என்று கணக்குப் போட்டால், பிரீமியத்துக்காக மட்டும் மாதம் சுமார் 689 ரூபாய் கட்டுகிறார். கடன் முடியும்போது அது 82,600 ரூபாயைத் தாண்டிவிடும். ஒரு மூட்டைப் பருப்பில் கிலோவுக்கு எத்தனை பைசா நிற்கும் என்று கணக்குப் பார்க்கும் நாம், இந்தக் கணக்கைப் பார்க்காமல் விட்டுவிடுகிறோம்.

வியாபாரம் படுத்தால் பாலிசி கட்டும் என்ற பேச்சு எவ்வளவு பொய் என்பதற்கு நமது வட்டாரமே சாட்சி. பட்டாசில் பேரியம் கூடாது, சரவெடி கூடாது என்று 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, சிவகாசிப் பட்டாசு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. தொழிலாளிக்குக் கூலி இல்லையென்றால் மளிகைக் கடையில் பாக்கி நோட்டுதான் தடிக்கும். அப்படிப்பட்ட முடக்கத்துக்கு மேலே சொன்ன மாதிரி பாலிசி ஒரு பைசாவும் தராது.

இதனால் இன்சூரன்ஸே வேண்டாம் என்று நாம் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். வெடிமருந்துக்கும் தீப்பெட்டிக்கும் நடுவில் தொழில் செய்யும் நமக்குத் தீ விபத்துப் பாதுகாப்பு கட்டாயம் தேவை. அடமானச் சொத்துக்கும் சரக்குக்கும் அதை எடுக்கச் சொல்ல வங்கிக்கு நியாயமும் உண்டு. ஆனால் இன்ன கம்பெனியில்தான் எடுக்க வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது. சொத்து மதிப்பு 5 கோடி ரூபாய் வரை உள்ள சிறு தொழில்களுக்கென்றே 2021 ஏப்ரல் முதல் "பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா" என்ற பாலிசியைப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகள் தருகின்றன. (பாலிசியில் மளிகைச் சரக்கு என்று எழுதிவிட்டு, ஐப்பசியில் அதே கடையில் பட்டாசுப் பெட்டி அடுக்கினால் நஷ்ட ஈடு கேட்கும்போது சிக்கல்தான்.)

கடன் தருவதற்கு நிபந்தனையாக இன்சூரன்சைத் தலையில் கட்டுவது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. இங்கிலாந்தில் வீட்டு அடமானக் கடனோடும் மற்றக் கடன்களோடும் தவணைப் பாதுகாப்பு இன்சூரன்சை வங்கிகள் லட்சக்கணக்கானோருக்கு விற்றன. சொந்தத் தொழில் செய்பவர்கள் போல, நஷ்ட ஈடு கேட்கவே தகுதியில்லாதவர்களுக்கும் விற்றார்கள். 2011-இல் வங்கிகள் நீதிமன்றத்தில் தோற்றன. அந்த வருடத்திலிருந்து திருப்பிக் கொடுத்த தொகை 3,800 கோடி பவுண்டுக்கும் மேல். மனுக் கொடுக்கக் கடைசி நாளாக 2019 ஆகஸ்ட் 29 குறிக்கப்பட்டது. நமது நாட்டில் அப்படி ஒட்டுமொத்தமாகத் திருப்பித் தரும் ஏற்பாடு இல்லை. தனித்தனியாகத்தான் கேட்டு வாங்க வேண்டும். ஆனால் கேட்க வழி உண்டு. 2024 நவம்பரில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனே, இப்படித் தவறாக விற்கப்படும் இன்சூரன்ஸ் கடன் வாங்குவோரின் செலவை மறைமுகமாக ஏற்றுகிறது என்று வங்கியாளர்கள் கூட்டத்தில் கண்டித்தார்.

முதல் வழி மிகச் சுலபம். நமது ஆட்கள் தவறவிடுவதும் அதைத்தான். பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் "எனக்கு வேண்டாம்" என்று காப்பீட்டுக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தால் ரத்து செய்துவிடலாம். முன்பு பொதுவாக 15 நாளாக இருந்ததை 2024 ஏப்ரல் முதல் 30 நாளாக உயர்த்தியிருக்கிறார்கள். பாதுகாப்பு இருந்த சில நாட்களுக்கான தொகை, மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைக் கட்டணம் போக மீதி திரும்ப வரும். எனவே பாலிசி வந்த கவரையும் தேதியோடு பத்திரமாக வைத்துக்கொள்ளவும்.

30 நாள் கடந்துவிட்டால் உண்மைக்கு மாறாகச் சொல்லி விற்றார்கள் என்பதைக் காட்ட வேண்டும். 2024 அக்டோபர் 1-க்குப் பிறகு தவணைக் கடன் வாங்கிய தனிநபர்களுக்கும் சிறுதொழில் செய்வோருக்கும் இதில் நல்ல ஆயுதம் ஒன்று இருக்கிறது. கடனின் முழுச் செலவையும் காட்டும் "முக்கிய விவர அறிக்கை"யை வங்கி கட்டாயம் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. இன்சூரன்ஸ் தொகையை அதில் தனியாகக் காட்ட வேண்டும், ரசீதும் தர வேண்டும். அதில் சொல்லாத கட்டணத்தை நமது வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பிடிக்கக் கூடாது. அந்த அறிக்கை, கடன் அனுமதிக் கடிதம், பாஸ் புத்தகம், தங்கள் கையெழுத்துள்ள இன்சூரன்ஸ் விண்ணப்ப நகல் ஆகிய நான்கையும் வங்கியில் எழுத்து மூலம் கேளுங்கள்.

விண்ணப்ப நகல் வந்ததும் உடல்நலக் கேள்விகளை முதலில் பாருங்கள். சர்க்கரை வியாதி உள்ளவருக்கு எதிரே "இல்லை" என்று வேறு யாரோ டிக் அடித்திருப்பார்கள். இது பணம் திரும்பப் பெறுவதைவிடப் பெரிய விஷயம். நாளை அவர் காலமானால், உண்மையை மறைத்தார் என்று சொல்லிக் கம்பெனி பணத்தை மறுக்க, வீடு அடமானத்தில் இருக்கக் குடும்பம் தவிக்கும். பாலிசி எடுத்து மூன்று வருடம் முடிந்த பின் அப்படி ஆட்சேபிக்க இன்சூரன்ஸ் சட்டத்தின் 45-ஆவது பிரிவு இடம் தருவதில்லை. அதற்குள் என்றால் கம்பெனிக்கு வாய்ப்பு உண்டு. பாலிசியை வைத்துக்கொள்ள விரும்புவோர் தவறான பதிலை உடனே எழுத்து மூலம் திருத்திவிடுவது நல்லது.

புகாரை வங்கிக்கு ஒன்றும் காப்பீட்டுக் கம்பெனிக்கு ஒன்றுமாகத் தனித்தனியே அனுப்பவும். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்கவும். தபால் என்றால் ஸ்பீடு போஸ்ட். பழைய பதிவுத் தபாலை 2025-இல் அதோடு சேர்த்துவிட்டார்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால், கம்பெனியின் மீது சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம், அதாவது இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேனிடம், ஒரு வருடத்துக்குள் மனுக் கொடுக்கலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. தனி உரிமையாளர் கடைகளின் பாலிசிகளும் அவர் வரம்பில் வரும். வங்கியின் மீதான புகாருக்கு ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார்; 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

இவை பலிக்காவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள நமது மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடக் கெடு உண்டு. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வியாபாரி நுகர்வோரே அல்ல என்று எதிர்த்தரப்பு வாதிடும். வியாபாரி எடுத்த இன்சூரன்ஸ் நஷ்டத்தை ஈடுகட்டத்தானே தவிர லாபம் சம்பாதிக்க அல்ல என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருப்பதை எடுத்துக்காட்டவும்.

கடனை முன்கூட்டியே அடைப்பவர்களும் கவனிக்க வேண்டும். மொத்தப் பிரீமியம் கட்டிய பாலிசியில் மீதிக் காலத்துக்கு உரிய தொகை வர வாய்ப்பு உண்டு. நாம் கேட்காமல் பெரும்பாலும் யாரும் தருவதில்லை. பத்திரத்தைத் திரும்ப வாங்கும் அன்றே இதையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பணம் வாங்கித் தருகிறோம், கால்வாசி கொடுங்கள் என்று கிளம்பியிருப்பவர்களிடம் போக வேண்டாம். மாதிரி மனு சங்க அலுவலகத்தில் இருக்கிறது, உறுப்பினர்களுக்கு இலவசம். மேற்படி மளிகைக் கடை உறுப்பினருக்கு, கையெழுத்துத் தங்களுடையதுதானே என்று வங்கி ஒரு வரியில் பதில் எழுதிவிட்டது. கம்பெனி பதிலே போடவில்லை. ஒரு மாதக் கெடு முடிந்து, அவர் மனு சென்ற வாரம் சென்னைக்குப் போயிருக்கிறது.