பாய் விரிக்கும் முன்

ஜூன் 21 நெருங்கினாலே பூங்காக்களிலும் பள்ளி மைதானங்களிலும் பாய்கள் வரிசை கட்டிவிடும். ஐ.நா. பொதுச்சபை 2014 டிசம்பரில் அறிவித்து, 2015 முதல் கொண்டாடப்படும் சர்வதேச யோகா நாள் அது. நூறு பேர் ஒரே நேரத்தில் குனிந்து நிமிர்வது பார்க்க அழகுதான். ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கு ரத்தக்கொதிப்பு இருக்கலாம், பக்கத்துப் பாயில் இருப்பவருக்கு மூட்டுத் தேய்மானம் இருக்கலாம். மேடையில் செய்துகாட்டுபவருக்கு அது எப்படித் தெரியும்? நாமாகச் சொன்னால்தான் உண்டு. செல்போனைப் பார்த்துச் செய்பவர்களுக்கோ சொல்வதற்கும் ஆள் இல்லை.

ஆளைப் பார்த்து ஆசனம்

சென்னையில் நெடுங்காலம் வாழ்ந்து கற்பித்து, 1989இல் நூறு வயதில் மறைந்த டி. கிருஷ்ணமாச்சாரியாரின் வழி இதுதான்: வந்தவரின் வயதையும் உடல்நிலையையும் பார்த்துவிட்டு, அவருக்கு ஏற்றபடி ஆசனத்தை மாற்றிக் கொடுப்பது. அவரிடம் பயின்ற பி.கே.எஸ். ஐயங்கார் மரக்கட்டை, பெல்ட், நாற்காலி எல்லாவற்றையும் பயிற்சிக்குள் கொண்டுவந்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு செய்தால் மரியாதைக் குறைவு என்று நினைப்பவர்கள் இதை அறிந்துகொள்வது நல்லது.

வகுப்பில் சேரும்போதே பழைய அறுவை சிகிச்சை, சாப்பிடும் மாத்திரைகள், கர்ப்பம் என எதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ‘அதெல்லாம் பார்த்துக்கலாம், செய்யுங்க’ என்று தட்டிக்கழிக்கும் ஆசிரியரென்றால் வேறு இடம் தேடுவதே மேல்.

தலைகீழாக நிற்கும் ஆசை

சிரசாசனத்தின் மீது நம்மவர்களுக்குத் தனி மோகம். அதைச் செய்துவிட்டால் யோகாவில் கரைகண்டுவிட்டதாக ஓர் எண்ணம். மண்டையைச் சுமக்க ஏற்பட்ட கழுத்தெலும்பு, அப்போது உடம்பின் பாரத்தில் பெரும்பங்கைத் தாங்க வேண்டியிருக்கிறது. முன்கைகளும் தோள்களும் பாரத்தை வாங்கிக்கொள்ளப் பழகாதவருக்கு எல்லாம் கழுத்தில்தான் இறங்கும்.

கண்ணுக்கும் இதில் பங்குண்டு. சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், சிரசாசனத்தின்போது கண்ணின் உள்அழுத்தம் ஏறக்குறைய இரு மடங்காக உயர்வது தெரியவந்தது. ஆரோக்கியமான கண் அதைத் தாங்கிக்கொள்ளலாம். கண் அழுத்த நோய் (கிளாக்கோமா) உள்ளவர்களும், சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களும் கண் மருத்துவரைக் கேட்காமல் தலைகீழ் ஆசனங்கள் பக்கமே போகக்கூடாது. கிளாக்கோமா பெரும்பாலும் வலியில்லாமல் வருவது. அதனால் நாற்பதைத் தாண்டியவர்கள் முதலில் ஒருமுறை கண் பரிசோதனை செய்துகொள்ளட்டும். கட்டுக்குள் வராத ரத்தக்கொதிப்பு, கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவர்களுக்கும் சிரசாசனம் வேண்டாம்.

முழங்காலும் முதுகும்

பத்மாசனத்தில் கால் மடங்கும்போது திரும்ப வேண்டியது இடுப்பு மூட்டு. இடுப்பு இறுகியிருந்தும் பாதத்தை இழுத்துத் தொடைமேல் வைத்தால், அந்தத் திருகல் முழுக்க முழங்காலுக்குப் போகிறது. முழங்காலில் சுருக்கென்று பிடித்தால் உடனே காலைப் பிரித்துவிடுங்கள். தசை இழுபடுவது வேறு, மூட்டுக்குள் குத்துவது வேறு. முன்னதோடு பழகலாம், பின்னதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. சுகாசனத்திலோ நாற்காலியிலோ உட்கார்ந்தும் பிராணாயாமம் செய்யலாம். வஜ்ராசனத்தில் குதிகாலுக்கும் பிட்டத்துக்கும் நடுவே மடித்த போர்வை ஒன்று போதும், முழங்காலின் பாரம் பாதியாகிவிட்டதுபோல் இருக்கும்.

பாதஹஸ்தாசனத்தில் கை தரையைத் தொட்டே தீரவேண்டும் என்பதில்லை. முழங்காலைச் சற்றுத் தளர்த்தி, இடுப்பிலிருந்து குனியுங்கள். எலும்பு மெலிந்தவர்கள், குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்கள், முதுகை வளைத்து ஆழமாகக் குனிவதைத் தவிர்க்க வேண்டும்; முதுகெலும்பு நொறுங்கும் ஆபத்து உண்டு. நாள்பட்ட இடுப்புவலிக்கு மருந்தில்லாச் சிகிச்சைகளில் ஒன்றாக யோகாவை அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2017இல் பரிந்துரைத்திருக்கிறது. ஆனால் வலி காலுக்கு இறங்கினாலோ கால் மரத்துப்போனாலோ முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

வயிறும் மூச்சும்

சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகட்டும். இன்சுலின் போடுபவர்கள் மட்டும் வெறும் வயிற்றில் நீண்ட பயிற்சி செய்யக்கூடாது. சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். கபாலபாதி, பஸ்த்ரிகா போன்ற வேகமான மூச்சுப் பயிற்சிகள் கர்ப்பிணிகளுக்கும் குடலிறக்கம், இதய நோய், வலிப்பு உள்ளவர்களுக்கும் ஏற்றவையல்ல.

மனசுக்கு

மூச்சை மெல்ல, நீளமாக வெளியே விடும்போது வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு இதயத்துடிப்பு தணிகிறது. பதற்றத்தில் இருப்பவர்களுக்கு இது உடனே தெரியும். என்றாலும் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள், யோகா தொடங்கிவிட்டோம் என்று அதைத் தாமாக நிறுத்தக்கூடாது. கண்ணை மூடி உட்கார்ந்தால் பழைய அதிர்ச்சிகள் மேலெழுந்து படுத்துகின்றனவா? கண்ணைத் திறந்தபடியே செய்யுங்கள், மனநல மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

கடைசியில் சவாசனம். ஐந்து நிமிடமாவது கிடங்கள். ரத்தக்கொதிப்பு மாத்திரை சாப்பிடுபவர்கள் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும்; ஒருக்களித்துப் படுத்து, கை ஊன்றி உட்கார்ந்து, சற்று நேரம் கழித்து எழுந்திருங்கள்.