புகைக்குழாயில் இரு சாட்சிகள்

பழைய மோட்டார் காரொன்றின் முகப்பில் மஞ்சள் விளக்கு எரிகின்றது. பணிமனையில் கருவியை இணைத்தால் 'பி 0420' என்னும் குறி தெரிகின்றது. உடனே, "வினையூக்கி மாற்றி கெட்டுவிட்டது, புதியது போடவேண்டும்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவற்றைப் பூசிய உறுப்பாதலால் அதன் விலை சொற்பமன்று. அந்தத் தீர்ப்பு சரிதானா என்று இன்று விசாரிக்கலாம் என்று எண்ணுகிறேன்.

எஞ்சின் கக்கும் புகையில் கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல் ஆவி, நைட்ரஜன் ஆக்சைடுகள் என்னும் நஞ்சுகள் உள்ளன. மாற்றி இவற்றைக் கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் நைட்ரஜனாகவும் ஆக்குகின்றது. இதற்கு, எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று சேரவேண்டும். அவ்வளவைக் கண்காணிப்பது பிராணவாயு உணர்வி. பழைய வண்டிகளில் இது பெரும்பாலும் சிர்கோனியாவால் ஆனது. சுமார் 300 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறிய பின்னரே இது நம்பத்தக்கவாறு பேசும். புகையில் பிராணவாயு குறைந்தால் 0.9 வோல்ட்டை ஒட்டியும், மிகுந்தால் 0.1 வோல்ட்டை ஒட்டியும் காட்டும்.

அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாதிரி முதல், மாற்றிக்கு முன்னே ஓர் உணர்வியும் பின்னே ஓர் உணர்வியும் அமைவது வழக்கமாயிற்று. முன்னது ஊசல்போல் ஓயாது ஏறி இறங்கும். மாற்றியிலுள்ள சீரியம் ஆக்சைடு பிராணவாயுவைத் தேக்கி வைத்து வேண்டும்போது விடுவதால், பின்னது 0.6, 0.7 வோல்ட்டில் அமைதியாக நிற்கும். பின்னதும் முன்னதைப்போல் ஆடத் தொடங்கினால், தேக்கும் ஆற்றல் குன்றியது என்று கணினி முடிவு செய்து குறியை எழுதிவிடுகின்றது. மாற்றியை அது நேரே கண்டதில்லை. சாட்சியின் சொல்லையே நம்புகின்றது.

சாட்சியும் தவறக்கூடும் அல்லவா? குழாய் இணைப்பில் சிறு வெடிப்பிருந்தால், புகைத் துடிப்புகளுக்கிடையே வெளிக்காற்று உள்ளே புகுந்து உணர்வியை ஏமாற்றும். ஆகவே முதலில் கசிவைத் தேடவேண்டும். பிறகு, திறந்த வெளியில் (மூடிய கொட்டகையில் ஒருபோதும் வேண்டா, கார்பன் மோனாக்சைடு மணமற்றது, ஆளைக் கொல்வது) எஞ்சினை நன்கு சூடேற்றி, நிமிடத்திற்கு 2500 சுற்றில் நிறுத்தி, இரு உணர்விகளின் கோடுகளையும் திரையில் ஒப்பிடுக. முடுக்கியைச் சட்டென மிதித்தால் பின் உணர்வியின் கோடு எழவேண்டும், விட்டதும் தாழவேண்டும். எதற்கும் அசையாமல் கிடந்தால் ஐயம் உணர்வியின்மீதும் அதன் கம்பிகளின்மீதும் திரும்பும். இரண்டும் ஒழுங்காகப் பேசி, கசிவும் இல்லாது, பின்னது முன்னதோடு சேர்ந்தே ஆடினால், மாற்றி ஓய்ந்துவிட்டது என்று துணிந்து சொல்லலாம்.

அப்போதும், அதை ஓய்த்தது எது என்று கேட்காமல் விடுவது எனக்கு உடன்பாடன்று. ஸ்பார்க் பிளக் தவறிப் பொறி எழாவிட்டால், எரியாத பெட்ரோல் மாற்றிக்குள் எரிந்து உள்ளிருக்கும் பீங்கானை உருக்கிவிடும். எஞ்சின் எண்ணெயைக் குடித்தால் அதன் சாம்பல் உலோகத்தின்மேல் படியும். ஈயமும் அவ்வாறே கெடுக்கும். அதனாலேதான் 1995ஆம் ஆண்டு ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய கார்களுக்கு மாற்றியைக் கட்டாயமாக்கியபோது, ஈயமற்ற பெட்ரோலையும் உடன் கொண்டுவந்தார்கள். பொறி தவறும் எஞ்சினில் புதிய மாற்றியைப் பொருத்தினால், அதுவும் சில காலத்தில் உருகிப்போகும். மஞ்சள் விளக்கு மறுபடியும் எரியும்.