மலையடிவாரமும் தன்னிறைவும்

ஓர் ஊர் தனக்குரிய சோற்றைத் தானே விளைவித்து, தனக்குரிய நீரைத் தானே தேக்கி வாழ இயலுமா என ஆராயப் புகுவோர், முதற்கண் அவ்வூரின் மழையை நோக்குதல் வேண்டும். விருதுநகர் மாவட்டத்தின் மேற்கே, மலையைச் சார்ந்து கிடக்கும் இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்தை அவ்வாறு நோக்குவோம்.

தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையைக் கேரளத்தின் பக்கமே பெரிதும் பொழிந்துவிடுகிறது. இப்பக்கத்து உழவர் நம்பியிருப்பது ஐப்பசி, கார்த்திகை மழையையே. அதுவும் பொய்ப்பதுண்டு. 2016ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பினும் 60 விழுக்காட்டிற்கு மேல் குறைந்தது. 2017 சனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சியுற்றனவாக அறிவிக்கப்பட்டன. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் திரிந்து பாலையாகும் என்ற இளங்கோவடிகளின் கருத்தை இங்குள்ள மாணவர் ஏட்டில் மட்டும் படிக்க வேண்டியதில்லை.

வறட்சிக்கு மறுதலையான இடரும் உண்டு. மலைச்சரிவு செங்குத்தானது. உச்சியிற் பெய்த மழை சிறிது நேரத்திற்குள் ஓடைகளில் பாய்ந்து இறங்கும். அடிவாரத்தில் நிற்பவர் தலைமேல் வெயில் காயும்போதே வெள்ளம் வந்துவிடும். 2015 மே மாதம் சதுரகிரிக்கு வழிபடச் சென்றோருள் சிலர் இத்தகைய வெள்ளத்தில் உயிரிழந்தனர்.

உயிர் பறிக்கும் அந்நீரே உயிர் காக்கும் நீருமாம். நம் முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர். ஓடைநீரை வரத்துக்கால் வழியே கண்மாய்க்குத் திருப்பினர். மடை வழியே வயலுக்கு விட்டனர். மிகுநீர் கலிங்கு வழிந்து மறுகாலாகி அடுத்த கண்மாயை நிரப்புமாறு அமைத்தனர். ஆதலின் இங்குத் தன்னிறைவு என்பது ஒரு வீட்டிற்கோ தோட்டத்திற்கோ உரிய தன்று. கண்மாய்த் தொடர் முழுமைக்கும் உரியது. மேலூரார் வரத்துக்காலை அடைத்தால் கீழூரார் அடுப்பு அணையும். பிளவக்கல் அணைகளும், இராசபாளையத்திற்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கமும் பிற்காலத்து வரவுகள். கண்மாய்களின் பணியை அவை நீக்கிவிடவில்லை.

மாவும் தென்னையும் பருத்தியும் இங்குச் செழிக்கின்றன. திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. சத்திரப்பட்டியின் மருத்துவக் கட்டுத்துணி பெயர் பெற்றது. எனினும் இவை விற்று வாழும் பொருள்கள். விற்பனை மிகுந்த ஊரைத் தன்னிறைவுற்ற ஊர் எனல் பொருந்தாது என்பது எம் கருத்து. வத்திராயிருப்புப் பக்கத்து நெல்லும், கரிசலின் கம்பு, சோளம், குதிரைவாலியுமே பஞ்சத்தில் கைகொடுப்பன. யூசுப் நபி (அலை) அவர்கள் எகிப்தில் ஏழாண்டு விளைவைச் சேமித்துவைத்து ஏழாண்டுப் பஞ்சத்தைக் கடத்திய வரலாற்றை நாம் அறிவோம். வீடுதோறும் இருந்த குதிர்களை இன்று தேடித்தான் காண வேண்டியுள்ளது.

இனி, காட்டு விலங்குகள். 1988இல் சாம்பல்நிற அணில் சரணாலயமாகிய இம்மலைக்காடு, 2021இல் மேகமலையோடு இணைந்து புலிகள் காப்பகமாயிற்று. அடிவாரத் தோப்புகளில் யானையும் காட்டுப்பன்றியும் விளைக்கும் இழப்பு சிறிதன்று. ஆயினும் காடு அழியின் ஓடை வற்றும். காட்டைப் பகைத்து இங்கு எவரும் உழ முடியாது. உழவர்க்குரிய இழப்பீடு காலந்தாழாது கிடைக்க வேண்டும் என்பதே முறையான கோரிக்கை.

அடிவாரத்தில் நிலம் வாங்க வருவோர் பட்டாவைப் பார்க்கின்றனர். கிணற்றின் ஆழம் கேட்கின்றனர். வரத்துக்கால் எவ்வழிச் செல்கிறது, பெருமழையில் ஓடை எதுவரை ஏறும் என்று வினவுவோர் அரியர். விடையறிந்த முதியோர் ஊர்தோறும் இன்னும் உள்ளனர். நம் மாணவர் விடுமுறையில் அவர்களிடம் கேட்டு, ஊர்வாரியாக எழுதிவைக்கலாம்.