உங்களுக்குத் தெரியுமா? மறதி நோயும் பார்த்துக்கொள்ள வருபவர்களும்

◆ இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் இருக்கிறது. 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வின் கணக்கு இது. மொத்தம் சுமார் 88 லட்சம் பேர். நகரங்களைவிடக் கிராமங்களில்தான் விகிதம் அதிகம். மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் “வயசாயிருச்சுல்ல, அப்படித்தான்” என்று நாம் விட்டுவிடும் பெரியவர்களில் சிலருக்கு இருப்பது வெறும் முதுமை அல்ல.

◆ மதுரையில் பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் வீடுகளுக்கு ஏஜென்சி மூலம் வரும் பெண்களுக்கு டயாப்பர் மாற்றவும், சுகர், பி.பி. பார்க்கவும் தெரிந்திருக்கும். சாயங்காலமானால் “எங்க வீட்டுக்குப் போகணும், அவுக வந்துருவாக” என்று வாசலுக்கு ஓடும் அம்மாவிடம் என்ன பேசுவது? “ஐயா செத்துப் பத்து வருசமாச்சும்மா” என்றால், அந்த அம்மாவுக்கு அது இன்றைக்கு விழுந்த சாவு. நாளைக்குச் சொன்னால் நாளைக்கும் அழுவார். பயிற்சி பெற்றவர் மறுத்துப் பேச மாட்டார். “ஐயாவுக்கு என்ன கொழம்பும்மா பிடிக்கும்?” என்று கேட்டபடி உள்ளே அழைத்துவந்து, மல்லிகை மொட்டையும் நாரையும் மடியில் வைப்பார். பெயர்கள் மறந்த பிறகும், காலமெல்லாம் பூக்கட்டிய விரல்களுக்கு அந்த முடிச்சு பல நாள் மறக்காது.

◆ “நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்” என்று சோதிக்கவே கூடாது. போனவுடன் நம் பெயரை நாமே சொல்லிவிட வேண்டும்.

◆ இதைக் கற்றுக்கொள்ளப் பெரிய படிப்பு வேண்டுமா? கோவாவில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ஒரே வாரம் பயிற்சி கொடுத்து, மனநல மருத்துவரின் மேற்பார்வையில் வீடுகளுக்கு அனுப்பினார்கள். குடும்பத்தாருக்கு வழிகாட்டுவது அவர்கள் வேலை. 81 குடும்பங்களை வைத்து நடந்த அந்த ஆய்வு 2008-இல் வெளியானது. பார்த்துக்கொள்பவர்களின் மன உளைச்சல் நன்றாகவே குறைந்திருந்தது. மதுரை ஏஜென்சிகளும் ஆள் அனுப்பும் முன் அந்த ஒரு வாரத்தைத் தாராளமாக ஒதுக்கலாம்.

◆ நேற்றுவரை அமைதியாக இருந்தவர் திடீரென்று குழம்பிப்போய்ப் பிதற்றினால், நோய் முற்றிவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீர்ச்சத்துக் குறைவு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை என எதுவும் காரணமாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். தாகம் எடுத்தாலும் கேட்கத் தெரியாதவர்கள் இவர்கள். மதுரை வெயிலில் மணிக்கொரு தரம் தம்ளரைக் கையில் கொடுக்க வேண்டும்.

◆ முதியோருக்கான அரசு உதவி எண் 14567. கட்டணம் கிடையாது.