ஆற்றோடு வாழும் மக்கள்

வாழ்க்கையில் இன்பமும் வரும், துன்பமும் வரும். இது நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் துன்பம் வரும்போது என்ன செய்வது? "எல்லாம் தலைவிதி" என்று உட்கார்ந்துவிடலாமா? அசாம் மாநில மக்கள் சிலர் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்ப்போம்.

அசாம் நம் நாட்டின் வடகிழக்கில் இருக்கிறது. அங்கே பிரம்மபுத்திரா என்ற பெரிய ஆறு ஓடுகிறது. ஆற்றின் நடுவே மாஜுலி என்ற தீவு உள்ளது. தீவு என்றால் நான்கு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த நிலம். மிசிங் என்ற பழங்குடி மக்கள் அங்கே நிறையப் பேர் வாழ்கிறார்கள். உழவு செய்கிறார்கள். மீன் பிடிக்கிறார்கள். பெண்கள் துணி நெய்கிறார்கள்.

மழைக்காலத்தில் ஆறு பொங்கும். ஆற்றோடு சண்டை போட்டு ஜெயிக்க முடியுமா? முடியாது. அதனால் மிசிங் மக்கள் வீட்டை உயர்த்திக் கட்டுகிறார்கள். கால்கள் நட்டு, அவற்றின் மேல் மூங்கில் தளம் போடுகிறார்கள். ஏணியில் ஏறித்தான் உள்ளே போக வேண்டும். வெள்ளம் வந்தால் தண்ணீர் வீட்டுக்கு அடியில் ஓடும். போய்வரப் படகு இருக்கும். தண்ணீர் வடிந்த பிறகு, வீட்டுக்கு அடியில் தறி போட்டு நெய்வார்கள்.

அசாமில் 'பாவ்' என்று ஒரு நெல் உண்டு. தண்ணீர் ஏற ஏற அந்தப் பயிரும் உயரமாக வளரும். வெள்ளம் வடியும்போது வண்டல் மண்ணை விட்டுப் போகும். அந்த மண்ணில் குளிர்காலத்தில் கடுகு விதைப்பார்கள்.

ஆனால் எல்லாத் துன்பமும் வடிந்து போவதில்லை. 1950 ஆகஸ்டு 15 அன்று அசாமில் பெரிய நிலநடுக்கம் வந்தது. மலைகள் சரிந்தன. மண் வந்து ஆற்றில் நிறைந்தது. ஆற்றின் படுகை மேடானது. அதன் பிறகு ஆறு மாஜுலியின் கரையை இன்னும் அதிகமாக அரித்தது. ஊர்களும் வயல்களும் ஆற்றோடு போயின. நிலம் இழந்த பலர் வெள்ளத்தடுப்புக் கரையின் மேல் குடிசை போட்டார்கள். அவர்கள் அரசிடம் மாற்று நிலம் கேட்கிறார்கள். கேட்பது நியாயம்தானே?

இத்தனைக்கும் நடுவில், ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்தில் மிசிங் மக்கள் விதைப்புத் திருவிழா கொண்டாடுகிறார்கள். ஒரு புதன்கிழமை விதை தூவித் தொடங்குவார்கள். பாடுவார்கள், ஆடுவார்கள். இந்த ஆண்டும் வெள்ளம் வரலாம். அது அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் விதைக்கிறார்கள்.

இதிலிருந்து நாம் என்ன தெரிந்துகொள்கிறோம்? வெள்ளம் நம் கையில் இல்லை. வீட்டின் உயரம் நம் கையில் இருக்கிறது. நம் கையில் இல்லாததை நினைத்து ஓயாமல் அழ வேண்டாம். நம் கையில் இருப்பதைச் செய்யாமல் விடவும் வேண்டாம். இருப்பதைக் கொண்டு மனநிறைவாக வாழலாம். அதற்காக, கேட்க வேண்டியதைக் கேட்காமல் இருக்கக் கூடாது.

உங்கள் ஊரில் அடிக்கடி வரும் கஷ்டம் எது? வறட்சியா, வெள்ளமா, கடனா? அதில் உங்கள் கையில் இருப்பது எது? கூடிப் பேசுங்கள்.